சைனஸ் என்று சொல்லி வைத்த அறுவை

அறுவை அரங்கின் கதவுக்கு வெளியே கிடந்த இரும்பு நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் வீட்டு நோயாளிக்கு என்ன என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குப் பித்தப்பைக் கல். ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து தாடை உடைந்தவர். என்னிடம் கேட்டபோது, "மகளுக்கு மூக்குல சைனஸ்" என்றேன். உள்ளே மயக்கத்தில் கிடந்த என் மகள் ஜெஸ்லினுக்கு எந்த நோயும் இல்லை.

அவளுக்கு இருபத்தாறு வயது. திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலை. மூக்குத்தண்டின் நடுவில் எலும்பு மேடாக எழும்பி, நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும். என் கணவர் குடும்பத்து மூக்கு அது. பள்ளியில் பிள்ளைகள் அவளைக் கிளி என்று கூப்பிட்டார்கள். அதே பள்ளியில்தான் நான் கணக்கு ஆசிரியை. என் காதிலேயே விழுந்திருக்கிறது. பிள்ளைகள் விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

போன ஆண்டு அவளாகவே ஒரு மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ரைனோபிளாஸ்டி (மூக்கின் எலும்பையும் குருத்தெலும்பையும் செதுக்கி வடிவம் திருத்தும் அறுவை).

"ஏட்டி, நல்லா இருக்கப்பட்ட மொகத்துல ஆருக்காக கத்தி வைக்கணும்?"

"எனக்காகம்மா. பதிமூணு வயசுக்குப் பொறவு நான் பக்கவாட்டுல நின்னு ஒரு போட்டோ எடுத்ததில்ல. நீ கவனிச்சியா?"

நான் கவனித்ததில்லை.

கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். தொலைபேசியில் சொன்னேன். "அவளுக்க மொகம். அவ முடிவு பண்ணட்டு. எங்க அக்காட்ட மட்டும் சொல்லாண்டாம்" என்றார். அவருடைய அக்காவுக்கும் அதே மூக்கு. அவர்கள் அப்பாவின் மூக்கு வேண்டாம் என்று என் மகள் அறுத்துக்கொள்கிறாள் என்பதை நான் எந்த வாயால் சொல்வது?

நாகர்கோவிலில் அந்த மருத்துவரைப் பார்க்க ஜெஸ்லினோடு போனபோது ஒரு பழைய வகுப்பு நோட்டில் கேள்விகளை எழுதி எடுத்துப்போனேன். வலிக்குமா, தழும்பு தெரியுமா, மூச்சு விடுவதில் சிரமம் வருமா, முகம் வேறு ஆள் முகம் போல ஆகிவிடுமா. அவர் பொறுமையாகச் சொன்னார். முழு மயக்கம் கொடுப்பார்கள். வலியை விட அடைப்புதான் தொந்தரவாக இருக்கும். மூக்கின் மேல் ஒரு ஸ்பிளின்ட் (திருத்திய எலும்பு நகராமல் பிடிக்கும் கடினமான மேற்கட்டு) ஒரு வாரம் இருக்கும். கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போய் இரண்டு வாரத்தில் தெளியும். வீக்கத்தில் பெரும்பகுதி சில வாரங்களில் வடிந்தாலும், கடைசி வடிவம் தெரிய ஓர் ஆண்டு ஆகலாம். எதிர்பார்த்தபடி அமையாமல் போகவும் வாய்ப்பு உண்டு. அதை அவர் மறைக்கவில்லை.

"இதெல்லாம் எல்லா அம்மாமாரும் கேக்கதுதான். இப்போ நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். யாருடைய கட்டாயத்திலாவது வந்தாளா என்று அவளிடம் தனியாகக் கேட்டிருக்கிறார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்த அவள் முகத்தில் அவ்வளவு தெளிவை நான் பார்த்ததில்லை.

என் நோட்டில் இல்லாத கேள்வி ஒன்று உண்டு. வெளியே கேட்பவர்களிடம் என்ன சொல்வது?

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் ஜெபக் குறிப்புகளைச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார். வீட்டில் அறுவை என்றால் சீட்டு கொடுக்காமல் இருக்க முடியாது. கல்யாணமாகாத பெண்ணுக்கு, வெளியே சொல்லாமல் ஓர் அறுவை நடந்தால் ஊர் வேறு மாதிரி நினைக்கும். நான் எழுதினேன்: "மகள் ஜெஸ்லினின் சைனஸ் அறுவைக்காக." ஜெஸ்லினிடம், "ஆருட்டயும் வாய் தொறக்காத, கேட்டியா" என்று உறுதி வாங்கிக்கொண்டேன். போதகர் அதை வாசித்தபோது நானும் தலைகுனிந்து ஆமென் சொன்னேன்.

சபையில் பாதிப் பேருக்கு சைனஸ் இருப்பது அதன் பிறகுதான் தெரிந்தது. வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு மருந்து சொன்னார்கள். நான் தலையாட்டி அனுப்பி வைத்தேன்.

அறுவை முடிந்த ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு சுசீந்திரத்திலிருந்து மைனி, கணவரின் அக்கா, வந்தார். கையில் ஒரு பை நிறைய நொச்சி இலை.

"பிள்ளைக்கு கண்ணெல்லாம் கறுத்துல்லா போச்சு" என்று கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைத் தடவினார். பிறகு நேராக அடுக்களைக்குப் போனார். "சைனசுக்கு ஆவிதாம்ட்டி மருந்து. நாப்பது வருஷமா நான் இந்த மண்டையிடிய வச்சுகிட்டு நடக்கேன், எனக்குத் தெரியாதா?"

சூடு படக்கூடாது, ஆவி பிடிக்கக்கூடாது, குனியக்கூடாது. டிஸ்சார்ஜ் தாளில் இவை தனித்தனி வரியாக இருந்தன. நான் அவற்றைப் படித்தவள்.

"டாக்டர் வேண்டாம்னு சொன்னாரு மைனி" என்றேன்.

"சைனசுக்கு ஆவி வேண்டாம்னு சொல்லப்பட்ட டாக்டரு எந்த ஊர்ல உண்டு? வெள்ளம் கொதிச்சாச்சு, போர்வைய எடு."

ஜெஸ்லின் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தைக்காகத்தான் பார்த்தாள். நான் போர்வையை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நிமிட ஆவி என்ன செய்துவிடும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் பானையின் மேல் குனிந்தாள்.

போர்வையை அவளே விலக்கியபோது ஸ்பிளின்ட்டின் ஓரம் பெயர்ந்து தொங்கியது. மேல் உதட்டில் ஒரு சிவப்புக் கோடு. நான் துணியை எடுப்பதற்குள் இரண்டு நாசியிலும் ரத்தம் வடிந்து பானைக்குள் சொட்டியது.

காரில் போகும்போது அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, துணியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டாள். மைனி முன் இருக்கையில் சத்தமாக ஜெபித்துக்கொண்டே வந்தார்.

மருத்துவர் பஞ்சுத் திரி வைத்து அடைத்து, ரத்தம் நின்ற பிறகுதான் பேசினார். "சூடு ஏதாவது பட்டுதா?"

மைனிதான் சொன்னார். "ஆவி பிடிச்சோம் டாக்டர். சைனஸ்ல்லா?"

"சைனஸா?" மருத்துவர் என்னைப் பார்த்தார்.

அந்த அறையில், மகளின் ரத்தம் பட்ட சேலையோடு நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். மைனி என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பானைய அடுப்புல வச்சிருப்பனாட்டி?" என்றார்.

செப்டல் ஹிமடோமா (மூக்கின் நடுச்சுவரில் ரத்தம் கட்டுதல்) இல்லை என்று பரிசோதித்துச் சொன்னார்கள். இருந்திருந்தால் உள்சுவரே கெட்டுப்போயிருக்கலாம். ஆனால் எலும்பு இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம் என்றார் மருத்துவர். வீக்கம் முழுதும் வடிந்தால்தான் தெரியும். தேவைப்பட்டால் ஓர் ஆண்டுக்குப் பிறகு மறுபடி திருத்தலாம்.

இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தோம். மைனி வீட்டுக்குப் போக மறுத்துவிட்டார். இரண்டாம் நாள் மாலை ஜெஸ்லினின் தலைமாட்டில் உட்கார்ந்து திடீரென்று சொன்னார்: "எங்க அப்பாவுக்க மூக்கு. என்னைப் பொண்ணு பாக்க வந்தவனுவ நாலு பேரு இதைப் பாத்துட்டுப் போனானுவ. அப்பம் இந்த டாக்டர் இருந்திருந்தா நான் உனக்கு முன்னால போய்ப் படுத்திருப்பேன் மக்களே."

ஜெஸ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்தே, சிரிக்காண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அதுவும் தாள்ல எழுதியிருக்கா? ஒங்க அம்மைட்ட கேளு."

நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

இதே அறுவைக்குப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எத்தனை கேள்வி வேண்டுமானாலும் எழுதிக்கொண்டு போங்கள். ஆனால் வீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் வரும் எல்லோருக்கும் நடந்தது என்ன என்று தெரிந்திருக்கட்டும். என் மகளுக்குக் கேடு வந்தது நான் சொன்ன பொய்யால். அந்த டிஸ்சார்ஜ் தாளை மைனியிடம் வாசித்துக் காட்ட எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது.

ஒன்பது மாதம் ஆகிவிட்டது. மேடு இல்லை. நேராகப் பார்த்தால் மூக்கு இடப்பக்கம் மிகச் சிறிதாகச் சாய்ந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவளுக்குத் தோன்றவில்லையாம். எனக்காகச் சொல்கிறாளா என்று தெரியவில்லை.

மூக்கின் கீழ்ப்பாதி மரத்துப்போயிருந்தது. அறுவையில் தோலின் நுண்ணிய நரம்புகள் அறுபடும், வளர்ந்து சேர மாதங்கள் ஆகும் என்றார்கள். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும்போது அவள் என் முன்னால் கண்ணை மூடி உட்காருவாள். புருவத்தின் நடுவிலிருந்து என் விரலைக் கீழே இறக்குவேன். எந்த இடத்தில் என் விரல் மறைந்துபோகிறது என்று அவள் சொல்வாள். அந்த எல்லை ஒரு மாதத்தில் ஒரு நெல்மணி அளவு இறங்கும். சில மாதம் அதுவும் இல்லை. பள்ளியில் தேர்வும் விடுமுறையும் வந்து போகின்றன. நான் நாட்களை அந்த எல்லையை வைத்துத்தான் எண்ணுகிறேன்.

போன வாரம் வந்திருந்தாள். என் விரல் மூக்கின் நுனிக்குப் பக்கத்தில் போனது.

"இப்போ?"

"இல்லம்மா."

"இப்போ?"

கண்ணைத் திறக்காமல் தலையைச் சற்றுச் சாய்த்தாள். "ஏதோ இருக்கு. அடுத்த ரூம்ல ஆரோ நடக்கது மாதிரி."

நான் விரலை எடுக்கவில்லை.