என் கிழங்குக் கடைக்கு வந்த பசிகள்

சோறே இல்லாத காலத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துவதைப் போல வில்லங்கம் பிடித்த தொழில் வேறு கிடையாது. நடத்திப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்து அரிசி மறைந்தபோது, காஜா பேராங்கில் என் வீட்டு முன்னறையில் மேசை போட்டு மரவள்ளிக் கிழங்கு விற்றேன். அவித்த கிழங்கு, துருவிய கிழங்கு, ரொட்டி என்று பெயர் சூட்டிய கிழங்கு. தினமும் வந்தவர்களில் ஒருவர் டிரஸ்சர் அம்பலவாணன். ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிறவர். மருந்து தீர்ந்துவிட்டதால் விளக்கம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இலை கேட்ட வயிறு

தகரத் தட்டில் எவ்வளவு வைத்தாலும் கணக்கெழுதும் கிராணி நாகப்பனுக்குப் பசி அடங்காது. வாழையிலை வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், துருவிய கிழங்கைச் சோறு போலக் குவித்துக் குழம்பு, ரசம், மோர் என்று வரிசை தவறாமல் ஊற்ற வேண்டும். குழம்பும் ரசமும் ஒரே பானைதான். மோர் என்பது உப்புப் போட்ட வெந்நீர். ஆனாலும் மனிதர் கல்யாண ஏப்பம் விடுவார்.

“நெறஞ்சிருச்சுன்னு வயிறு மட்டும் சொன்னா போதாதுக்கா, கண்ணும் பழக்கமும் சேந்து மூளைக்குச் சொல்லணும்” என்றார் டிரஸ்சர். அதையும் பார்த்துவிடலாம் என்று ஒருநாள் தட்டில் இரண்டு பங்கு வைத்தேன். வழித்துத் தின்றுவிட்டு, வாடிய முகத்தோடு நாகப்பன் சொன்னார்: “தட்டுல போட்டா தின்ன மாதிரி இருக்குக்கா. இலையில போட்டாதான் சாப்பிட்ட மாதிரி இருக்கு.”

சுவர் ருசி

பக்கத்து வீட்டு மருமகள் முழுகாமல் இருந்தாள். கிழங்கைத் தொடமாட்டாள், என் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பாள். ரத்தத்தில் சத்து குறைந்தால் நாக்கு மண்ணையும் சுண்ணாம்பையும் தேடும், பேயும் இல்லை பிசாசும் இல்லை என்றார் டிரஸ்சர். முருங்கைக்கீரையை அவித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டிலும் சுவர் இருக்கிறதே என்று அவள் மாமியாரிடம் சண்டைக்குப் போனேன். அந்த அம்மாள் கூச்சத்தோடு சொன்னாள்: “எங்க செவுத்துல இந்த ருசி இல்லையாம் தங்கச்சி.”

பாயாசச் சண்டை

ரப்பர் தோட்டத்தில் வேலை போன முத்துவும் சின்னையாவும் கிழங்கை மென்றுகொண்டே கல்யாண விருந்தைப் பற்றிப் பேசுவார்கள். ஒருவன் பரிமாறுவான், மற்றவன் சாப்பிடுவான், எல்லாம் வாயாலேதான். பட்டினி கிடக்கிற மூளைக்கு இதைத் தவிர வேறு நினைப்பே ஓடாது என்பது டிரஸ்சர் விளக்கம். ஒருநாள் பரிமாறும்போதே கைகலப்பாகிவிட்டது. விலக்கிவிட்டேன். சட்டையை உதறிக்கொண்டு முத்து சொன்னான்: “இனிமே இவனோட ஒக்கார மாட்டேன்கா. பாயாசத்துல ஏலக்காயே போடல!”

டிரஸ்சருக்கு வந்த நோய்

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, டிரஸ்சரின் தம்பி ராசுவையும் கொண்டுபோய்விட்டார்கள். அண்ணனும் தம்பியுமாக ஒரே வீட்டில் இருந்தவர்கள். மாதங்கள் ஓடின, சேதி இல்லை. டிரஸ்சர் கிழங்கைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவார். பிறகு கடைக்கு வருவதையே விட்டுவிட்டார். வீட்டுக்குப் போய்க் கேட்டால், “பசி இருக்குக்கா. அவன் அங்க என்ன திங்கிறானோன்னு நெனச்சா தொண்டைக்குக் கீழ எறங்கல. இது மனசோட கோளாறு” என்று அதற்கும் ஒரு விளக்கம். சட்டைக்குள் ஆளையே காணோம். தம்பி வருவதற்குள் அண்ணன் போய்விடுவார் என்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

கொஞ்சம் கீரை சமைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். எங்களில் துக்க வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுபோவோம். அதில் அகத்திக்கீரை கட்டாயம் இருக்கும். இது எனக்குத் தெரியாததா? ஆனால் அன்று என் கொல்லையில் பறிக்க இருந்ததே அகத்திதான். வேறு நினைப்பே இல்லை.

சற்று நேரத்தில் தூக்குச்சட்டியோடு அவரே கடைக்கு வந்துவிட்டார். நிற்கவே தெம்பில்லாத மனிதர் மேசையை ஓங்கித் தட்டினார். “என் தம்பி செத்துட்டான்னு யாருக்கா சொன்னது? அகத்திக்கீரையா கொண்டாந்து வைக்கிறீங்க? போடுங்க கிழங்கை!”

 கிளேபாங் கடற்கரையிலிருந்து வந்த கொஞ்சம் மீனில் அன்று குழம்பு வைத்திருந்தேன். கண்ணீரும் குழம்புமாக அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். மெதுவாக, மெதுவாக என்று நான் கெஞ்சினேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நாகப்பன் சும்மா இருக்காமல், இதற்கு என்ன விளக்கம் என்று கேட்டுவைத்தார். டிரஸ்சர் தலை நிமிராமலே தட்டை என் பக்கம் நகர்த்தினார்: “இன்னொரு துண்டு மீன் வைங்கக்கா, எல்லாரும் பாக்கட்டும். துக்க வீட்டுக்காரன் மீன் சாப்பிடுவானா?”

யார் எதற்காகச் சாப்பிடுகிறார்கள் என்று நான் கண்டுபிடிப்பதற்குள் அன்றைய கிழங்கு தீர்ந்துவிடும், என் தொழில் அனுபவம் அவ்வளவுதான்.