பை இல்லாத ஏப்ரன்

மரவேலை வாத்தியார் ஆர்வில் டான்ஸ்லி ஓய்வு பெறும்வரை பை இல்லாத ஏப்ரனைத்தான் கட்டினார். திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டே வேலை செய்வார். பையன்கள், "சார், மத்தியானச் சாப்பாடே அதுதானா?" என்று கேலி செய்வார்கள். அந்தப் பையைப் பிரித்தெடுத்தவள் நான். அப்போது அந்தப் பள்ளியில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

போர் முடிந்து கனடாவின் மானிடோபாவுக்குத் திரும்பியவர் அவர். பள்ளியில் பையன்களுக்கு மரவேலை, பெண்களுக்குச் சமையலும் தையலும். நாடகம் வந்தால் மட்டும் மேடைவேலைக்கு யாரும் வரலாம். அப்படித்தான் மாணவி வெர்னா கோஸ்டியுக் மரவேலைப் பட்டறைக்குள் வந்தாள். ரம்பம் அவள் கையில் கோணாமல் போகும். நாடகம் நல்லபடியாக முடிந்தால் அடுத்த பருவம் அவளை மரவேலை வகுப்பிலேயே சேர்ப்பதாகத் தலைமையாசிரியர் ஹால்டேன் சொல்லியிருந்தார்.

எங்கள் மேடை உடற்பயிற்சிக் கூடத்தின் ஒரு கோடியில் இருந்தது. மேடையிலிருந்து தரைக்கு இறங்கும் படிக்கட்டை வெர்னாதான் செய்தாள். கூடைப்பந்துக்காரர்கள் வந்தால், படியை மேடையோடு பிணைக்கும் கீலின் ஆணியை உருவிப் படியைத் தள்ளி வைக்கலாம். பிறகு சேர்த்து ஆணியைச் செருக வேண்டும். செருகுவது அவள் பொறுப்பு.

நாடகத்தன்று மாலை அவள் செருகிவிட்டு உடை மாற்றப் போனாள். பந்துக்காரர்கள் வந்து கெஞ்சினார்கள்.

"கொஞ்ச நேரம் சார், கை துறுதுறுங்குது!"

"தொலைங்கடா, சீக்கிரம்."

டான்ஸ்லி ஆணியை உருவி ஏப்ரன் பையில் போட்டார். அவர்கள் போனதும் படியைத் தள்ளிச் சேர்த்தார். ஜனங்கள் ஈர பூட்ஸோடு உள்ளே வரத் தொடங்கிவிட்டார்கள். ஆணியை மறந்துபோனார்.

இரண்டாம் காட்சியில் மகாராணி வேடக்காரப் பெண் இறங்கும்போது படி நழுவியது. அவள் கால் பிசகி விழுந்தாள். ஊரே சிரித்தது. திரையை இழுத்தார்கள்.

"ஆணி போடுறது யார் வேலை?" என்றார் ஹால்டேன்.

"என் வேலைதான் சார். போட்டேனே," என்றாள் வெர்னா.

"போட்டா எப்படிம்மா நழுவும்? இதுக்குத்தான் பொம்பளப் புள்ளைங்க பட்டறைக்கு வேணாம்னு மொதல்லயே சொன்னேன்."

வெர்னா டான்ஸ்லியைப் பார்த்தாள். அவர் கை பைக்குள் போனது, அங்கேயே நின்றது.

மறுவாரம் வெர்னா பழையபடி தையல் வகுப்பில் இருந்தாள்; மரவேலையில் சேர்க்கும் பேச்சே அதன்பின் எழவில்லை. டான்ஸ்லி முகச்சவரம்கூடச் செய்யாமல் வந்தார். பையன்கள் செருகிய ஆணியை எல்லாம் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தார். ஒருநாள் தலைமையாசிரியர் மேசைமேல் அந்த ஆணியை வைத்தார். நான் குப்பைக் கூடையோடு வாசலில் நின்றேன்.

"தப்பு என்னோடது சார். அவ போட்டுத்தான் வச்சிருந்தா."

"விடுங்க ஆர்வில். அந்தப் பொண்ணு தையல்ல நல்லாத்தான் இருக்கா. இப்ப எதுக்குக் கிளறணும்?"

அவர் நேராகத் தையல் அறைக்குப் போய், எல்லார் முன்னும் அதையே சொன்னார்.

வெர்னா நிமிரவில்லை. "தெரியும் சார். உங்க கை பைக்குள்ள போனத அன்னிக்கே பாத்தேன்."

"அடுத்த நாடகத்துக்கு வருவியா?"

"இந்தச் சட்டைக் கையை ஒட்டித் தைக்கணும் சார். மிஸ் திட்டுவாங்க."

அவள் மீண்டும் பட்டறைக்கு வரவே இல்லை.

அன்று மாலை அவர் ஏப்ரனை என்னிடம் நீட்டினார்.

"இந்தப் பைய மட்டும் பிரிச்சுக் குடும்மா."

"துணி நல்லாத்தானே இருக்கு?"

"கை தானா உள்ள போகுது," என்றார்.