மாமா ஏறினால் மட்டும் வரும் சத்தம்

குற்றாலத்துக்குப் போகும்போது காரில் நான், அப்பா, மாமா. திரும்பும்போது மாமா இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு பஸ்ஸில் வருவதாகச் சொல்லி இறங்கிக்கொண்டார். சத்தமும் அவரோடு இறங்கிவிட்டது.

பதினாறு வருடத்துப் பழைய கார். என் முதல் வருடச் சம்பளத்தைச் சேர்த்து, போன மாதம்தான் வாங்கியது. ‘டங் டங்’ என்று அடிக்கும், தரை அதிரும், பிறகு சமர்த்தாக ஓடும். மெக்கானிக்கிடம் மூன்று தடவை போனேன். அங்கே போனால் மூச்சுவிடாது. “நாளைக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா வித்தவன்ட்டயே குடுத்துரு. திருப்பி எடுத்துக்கிடுதேன்னு சொன்ன கெடு முடியுது” என்றார் அப்பா. அவர் பள்ளிக்கூடம் போகாதவர். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. அவமானம் எனக்குத்தான்.

தென்காசி நெருங்கும்போது சொன்னேன். “யப்பா, பின்சீட்டுல மாமா இருந்தாத்தான் சத்தம் வருது.”

அப்பா வெளியே தூறிய சாரலைப் பார்த்தார். “அத அவன்ட்ட சொல்லிராத.”

அடுத்த மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம். தாய்மாமன் முகம் கோணினால் மேடையே கோணிவிடும். அதனால் மாமாவுக்குப் பதிலாக அரிசி. மெக்கானிக் கடைக்கு எதிரே இருந்த அரிசிக்கடையில் இருபத்தைந்து கிலோ சிப்பம் மூன்றைக் கடன் கேட்டுப் பின்சீட்டில் அடுக்கினோம். மெக்கானிக் காருக்கு அடியில் குழிக்குள் நின்றார். நான் என்ஜினை ஓடவிட்டேன். அப்பா பின்பக்கத்தை அமுக்கி அமுக்கி ஆட்டினார். சத்தமில்லை.

“நாலாவதையும் ஏத்துங்க தம்பி!” குழிக்குள்ளிருந்து குரல்.

அப்பா நாலாவது சிப்பத்தைத் தோளில் தூக்கி வரும்போது, வாசலில் மாமா. பஸ்ஸிலிருந்து எங்கள் காரைப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறார். தலையிலிருந்து எண்ணெய் இன்னும் வடிகிறது.

“என்னலே, கல்யாண அரிசியா?”

குழிக்குள் இருந்தவருக்கு மேலே யார் வந்தது என்று தெரியாது. “அண்ணாச்சி, உங்க மச்சினன் வெயிட்டு நாலு சிப்பம் இருக்கும்னீங்கல்லா? சீக்கிரம்!”

அப்பா சிப்பத்தை இறக்கவும் மறந்து நின்றார். மாமா அரிசியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார்.

“அப்ப நான் நூறு கிலோவா மச்சான்?”

“தோராயமா...” என்றார் அப்பா.

போச்சு, கார் போச்சு, கல்யாணமும் போச்சு என்று நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். மாமா செருப்பைக் கழற்றினார். “ஏலே, அரிசிய இறக்குங்கலே. ஒரிஜினலே வந்திருக்கேன்!”

உட்கார்ந்து ஒரு குலுக்குக் குலுக்கினார். டங்! தரை அதிர்ந்தது. “வருது, வருது!” என்று நான் கத்த, அப்பா கைதட்ட, மாமா மறுபடி குலுக்க, டங் டங் என்று கடையே திருவிழாவானது.

சைலன்சர் குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்திருந்தது. பின்பக்கம் பாரத்தில் தாழ்ந்ததும் குழாய் அச்சில் இடித்திருக்கிறது. மெக்கானிக் அறுந்த துண்டை நீட்டியபோது, கல்லூரிச் சான்றிதழை வாங்கியதைப் போல இரண்டு கையாலும் வாங்கினேன். “கார் நமக்குத்தாம்லே” என்றார் அப்பா.

ரப்பர் நூற்றிருபது, கூலி இருநூறு. அரிசியோடு நிறுத்துப் பார்த்ததற்கு அபராதமாகச் செங்கோட்டைப் பக்கம் மாமா கேட்ட புரோட்டாவும் நாட்டுக்கோழியும் ஆயிரத்து நூற்று நாற்பது. ஆக மொத்தம் ஆயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.