முதல் படம் கோயில்

மூன்று வினாடிதான். இருபது வருடம் பிலிம் கழுவிய கமலநாதன், பட்டப்பகலில் கடையின் கண்ணாடி வாசலுக்கு நேரே நின்றபடி கமராவைத் திறந்துவிட்டான்.

இது நடந்தது 2003இல், அப்டன் பார்க்கில் ஒரு படக்கடையில். யாழ்ப்பாணத்தில் ஸ்டூடியோவில் நின்றவன், பாரிஸில் கோப்பை கழுவியவன், லண்டனில்தான் பழைய தொழிலைத் திரும்பப் பிடித்திருந்தான். தன் கையில் ஒரு பிலிமும் கெட்டதில்லை என்று சொல்லித் திரிவான். அந்தத் தலைக்கனம்தான் ஆளை விழுத்தியது.

கமரா தையல்காரர் நிதாய் மண்டலுடையது. வங்காளத்துக் கிராமத்தவர். இருபத்திரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போய் வந்திருந்தார். "எங்கள் ஊரில் ஆறு கோயில். சுவர் முழுக்கச் சுட்ட மண் சிற்பம், படகும் யானையுமாக. சிவன் கோயில் சரிந்துவிட்டது, இந்த மழைக்குத் தாங்காது," என்று காலையில் ஆங்கிலத்தில் சொன்னார். பிலிமை உருளைக்குள் திரும்பச் சுற்றும் பிடி உடைந்துவிட்டது, இருட்டறையில் வைத்து எடுங்கள் என்றும் சொன்னாரே! எண்காட்டி பூச்சியத்தில் நிற்பதைப் பார்த்து, எல்லாம் சுற்றி முடிந்தது என்று தானே முடிவுகட்டிவிட்டான் மகாகெட்டிக்காரன்.

மனைவி கலாவதிக்குப் போன் எடுத்தான்.

"வெளிச்சம் பட்டிட்டுது. அந்தாளின்ரை கோயில் எல்லாம் போச்சு!"

"ஐயோ, முழுக்கவோ?"

"வெளிச்சுற்றுத்தான் எரியும். முதல் எடுத்த படங்கள் உள்ளுக்கை கிடந்து தப்பும். அந்தாள் எதை முதல் எடுத்ததோ!"

"நீங்கள் ஊருக்குப் போனால் முதல் எங்கை போவியள்?"

"பிள்ளையாரிட்டை."

"அந்தாளும் அப்பிடித்தானே செய்திருக்கும். கழுவிப் பாருங்கோ. ஆனால் அந்தாளிட்டை உண்மையைச் சொல்லிப்போடுங்கோ."

பிலிம் மெஷினுக்குள் போனது. வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு ஒரு தேங்காய் என்று தொடங்கிய நேர்த்தி, பிலிம் வெளியே வருவதற்குள் பதினொன்றாகிவிட்டது.

அம்மன் கைவிடவில்லை. யானை, படகு, சரிந்த சிவன் கோயில், ஆறும் பதினெட்டுப் படங்களில் பழுதில்லாமல் வந்திருந்தன. பத்தொன்பதாவது பாதி எரிந்திருந்தது, அதை எடுத்து ஒதுக்கிவைத்தான். மற்றதெல்லாம் வெறும் வெள்ளை.

பின்னேரம் மண்டல் வந்தார். "பிழை என்னுடையது ஐயா, கமராவைத் திறந்துவிட்டேன். ஆனால் உங்கள் கோயில் ஆறும் தப்பிவிட்டன," என்று கமலநாதன் ஒரே மூச்சில் சொன்னான்.

மண்டல் படங்களை மளமளவென்று தள்ளினார். ஒரு கோயிலிலும் கண் நிற்கவில்லை. கடைசிப் படம் முடிந்ததும் நிமிர்ந்தார்.

"அக்கா எங்கே?"

"எந்த அக்கா?"

"கோயிலை ஊருக்குப் போன அன்றே எடுத்தேன். அக்காவைப் புறப்படும் நாளில்தான் எடுத்தேன். நேற்றிரவு இறந்துவிட்டாள். மத்தியானம்தான் போன் வந்தது."

கமலநாதனுக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. ஒதுக்கிவைத்த படம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தான். சிவன் கோயில் படி, பூசைத் தட்டுப் பிடித்த ஒரு கை, மணிக்கட்டில் வெள்ளைச் சங்கு வளையல். அதற்கு அப்பால் எரிந்துபோயிருந்தது.

மண்டல் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "அக்காவின் கை. படத்துக்குக் குறுக்கே வராதே என்று கத்தினேன்," என்றார். பிறகு, "இதைப் பெரிதாக்கித் தர முடியுமா?"

"ஏலும்," என்றான் கமலநாதன், ஆங்கிலம் மறந்துபோய். பிறகு ஆங்கிலத்தில், எவ்வளவு பெரிதாக என்று கேட்டான்.

மண்டல் தன் உள்ளங்கையை மேசைக் கண்ணாடியில் விரித்துவைத்தார்.

"கை, கையளவு இருக்கட்டும்."