வேன் அக்காவின் வலது கண்

டயாலிசிஸ் நிலையத்து வேனை ஓட்டுகிறவரை நோயாளிகள் எல்லோரும் வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். விடிவதற்கு முன்பே கிளம்பி, வீடு வீடாகப் போய் ஆட்களை ஏற்றி, முதல் ஷிஃப்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. யாருக்கு முன் சீட்டு வேண்டும், யாருக்குப் படியேறக் கை கொடுக்க வேண்டும், யாரிடம் காலையில் பேச்சுக் கொடுத்தால் வள்ளென்று விழுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு அவருடைய வலது கண் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. பெரிய வலி இல்லை, சிவப்பும் இல்லை. அந்தக் கண்ணில் மட்டும் புகை மூட்டம் போட்டது போலிருக்கும். சில நாளில் தானாகத் தெளியும், பிறகு மறுபடி மூடும். கடைத்தெருவில் இருக்கும் கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழற்சி, கூடவே கண் அழுத்தமும் ஏறியிருக்கிறது என்றார். ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம் என்று அதற்கான மாத்திரையும், அழற்சிக்கு ஸ்டீராய்டு சொட்டும், அழுத்தம் குறைய இன்னொரு சொட்டும் கொடுத்தார். அடங்கியது. ஆனால் ஸ்டீராய்டைக் குறைக்கிறபோதெல்லாம் திரும்ப வந்தது.

வீட்டில் யாருக்கும் இது பெரிதாகப் படவில்லை. கண்ணாடியில் பார்த்தால் அவருக்கே இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவர், "தூக்கம் பத்தாம இருக்கும்" என்றார். அதே வீட்டின் மாடியில் இருந்த நாத்தனார் ஒரு படி மேலே போய், "கண்ணு பளிச்சுன்னு இருக்கு. வேலைக்குப் போக உடம்பு வணங்கலைன்னா நேரா சொல்லிட வேண்டியதுதானே அண்ணி" என்றார். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏற்கெனவே ஏழாம் பொருத்தம். இந்தப் பேச்சுக்குப் பிறகு தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் விடியற்காலையில் சிக்னலில் நின்றபோது, சிவப்பு விளக்கைச் சுற்றி வானவில் போல வளையம் தெரிந்தது. எதிரே வந்த வண்டிகளின் விளக்குகளிலும் அதே வளையம். வேனில் நிறையப் பேர் இருந்தார்கள். அக்கா மெதுவாக வண்டியை ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி எடுத்தார்.

"என்னாச்சு அக்கா?" என்று பின்னாலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் கேட்டார்.

"கண்ணு சரியில்லை ஐயா. உங்க எல்லாரையும் வெச்சுக்கிட்டு நான் ஓட்ட மாட்டேன். வேற ஆள் வரச் சொல்றேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். யாரும் முணுமுணுக்கவில்லை. வள்ளென்று விழுகிற அந்த அம்மாள்தான் முதலில் பேசினார்: "நிறுத்தினியே தாயி, அதுவே போதும்."

அன்று மாலை கடைத்தெரு டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தார். "அழுத்தம் ரொம்ப ஏறியிருக்கும்மா. நான் நினைச்ச வைரஸா இருந்தா இந்த மாத்திரைக்கு இதுக்குள்ள அடங்கியிருக்கணும். எனக்குப் பிடிபடலை. தெரியாம மருந்து குடுத்துக்கிட்டே இருந்தா கண் நரம்பு போயிடும்." அழுத்தத்தை உடனே இறக்க மருந்து கொடுத்தார். அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "எங்கிட்ட படிச்ச பொண்ணுதான். இந்த விஷயத்துல என்னைவிட நல்லாப் பாக்கும்" என்று அவர் சொன்னபோது குரலில் பெருமைதான் இருந்தது.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு யார் என்ற பேச்சு வந்ததும், நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "என்ன பாக்கறீங்க? கிளம்புங்க அண்ணி."

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த அந்தப் பெண் டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவசரமே படவில்லை. மரத்துப்போகும் மருந்து எதுவும் விடாமல், பஞ்சை நூல்போலத் திரித்துக் கருவிழியில் லேசாகத் தொட்டார். அக்கா வெடுக்கென்று கண்ணை மூடினார். "நல்லது, உணர்ச்சி இருக்கு. ஹெர்ப்பிஸா இருந்தா பெரும்பாலும் இது மழுங்கிப் போயிருக்கும்." பிறகு நெற்றியையும் மூக்கு நுனியையும் தடவிப் பார்த்து, "இங்க எப்பவாவது அக்கி வந்திருக்கா?" என்று கேட்டார். இல்லை. கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்தில் எங்காவது திட்டாக நிறம் வெளிறியிருக்கிறதா என்று ஒளியடித்துத் தேடினார். அதுவும் இல்லை. ரூபெல்லா என்று இன்னொரு வைரஸ் உண்டு, அது பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கி, விடாமல் இருந்துகொண்டே இருக்கும், சீக்கிரம் புரையும் விழும், இப்படி வந்து வந்து போகாது என்றார்.

"அப்ப இது என்ன டாக்டர்?"

"கருவிழிக்கு உள்பக்கம் காசு மாதிரி வட்டமா சின்னச் சின்னதாப் படிஞ்சிருக்கு. கண்ணு அமைதியா இருக்கு, அழுத்தம் மட்டும் எகிறுது. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா எல்லாம் ஒரே மாதிரி வேஷம் போடும், பாத்த மாத்திரத்துல சத்தியம் பண்ண முடியாது. கண்ணுக்குள்ள இருக்கற தண்ணியில ஒரு சொட்டு எடுத்துப் பரிசோதிச்சா தெரிஞ்சிடும்."

"எடுக்கறதுன்னா?"

"ஊசியாலதான்."

"கண்ணுலயா?" என்று கேட்டது நாத்தனார்.

மரத்துப்போக மருந்து விட்டார்கள். அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ள நாத்தனாரையும் உள்ளே அனுமதித்தார்கள். "பயப்படாதீங்க அண்ணி, நான் இருக்கேன்ல" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஊசி உள்ளே போனது அக்காவுக்குத் தெரியவே இல்லை. அழுத்திப் பிடித்திருந்த கை சட்டென்று நழுவியதுதான் தெரிந்தது. எல்லாம் முடிந்து எழுந்து பார்த்தால், நர்ஸ் நாத்தனாரைத் தரையில் உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வீடு வந்து சேரும்வரை இருவரும் சிரித்தார்கள்.

முடிவு வந்தது. சைட்டோமெகலோ வைரஸ். இத்தனை நாள் சாப்பிட்ட மாத்திரை இதைப் பெரிதாக அசைக்காது, இதற்கு மருந்தே வேறு என்றார் டாக்டர். அக்காவுக்கு வேறொரு கவலை. "என் வேன்ல வர்றவங்க ஏற்கெனவே நோயாளிங்க. அவங்களுக்கு ஒட்டிக்குமா?"

"பெரியவங்கள்ல முக்கால்வாசிப் பேர் உடம்புல இது தூங்கிக்கிட்டுதான் இருக்கு. உங்களுக்குக் கண்ணுல முழிச்சிருச்சு, அவ்வளவுதான். வண்டியில உக்காந்து வந்தா ஒட்டாது."

கூழ் போன்ற ஒரு கண் மருந்தைப் பல மாதம், ஒரு நாளைக்குப் பல தடவை விட வேண்டியிருந்தது. ஸ்டீராய்டைப் பையப் பையக் குறைத்தார்கள். வேனுக்கு ஆள் வேண்டுமே என்றபோது, மளிகைக் கடை வண்டி ஓட்டிப் பழகி, முறையான லைசென்சும் வைத்திருந்த நாத்தனார், "நான் பாத்துக்கறேன்" என்று போனார். அவர் ஓட்டுகிற வேகத்தைப் பற்றி முதல் வாரத்திலேயே புகார் வந்தது. "வண்டியில இருக்கறது உருளைக்கிழங்கு மூட்டை இல்லடி" என்று அண்ணி சொல்லிக்கொடுக்க, நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கற்றுக்கொண்டார். வேளை தவறாமல் வந்து, "அண்ணாந்து பாருங்க" என்று மிரட்டி மருந்து விட்டதும் அவர்தான்.

மூட்டம் விலகியது. அழுத்தம் இறங்கி நிலைத்தது. நரம்பில் கொஞ்சம் சேதம் இருக்கிறது, அது திரும்பாது, ஆனால் பார்வைக்கும் வண்டி ஓட்டுவதற்கும் பங்கமில்லை என்று சோதித்துப் பார்த்துச் சான்று கொடுத்தார்கள். வைரஸ் மறுபடி தலைதூக்கலாம் என்பதால் தவறாமல் போய்க் காட்டிக்கொள்ள வேண்டும்.

வேலைக்குத் திரும்புவதற்கு முன் அக்கா கடைத்தெரு டாக்டரிடம் போனார். அவர் விளக்கை அருகில் இழுத்து, நெடுநேரம் கண்ணுக்குள் பார்த்தார்.

"நல்லாயிருக்கும்மா. ஆனா நான் ஒண்ணும் பண்ணலையே. நியாயமாப் பாத்தா நீங்க என்மேல கோவப்படணும்."

"எனக்குத் தெரியலைன்னு சொன்னீங்களே டாக்டர். எத்தனை பேருக்கு அந்த வாய் வரும்?" சொல்லும்போதே அக்காவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "நீங்க அன்னிக்கு அங்க அனுப்பலைன்னா இன்னிக்கு நான் ஒத்தக் கண்ணோட நின்னிருப்பேன்."

டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார். வெளியே காத்திருந்த நாத்தனார் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்து, "அழுதா மருந்தெல்லாம் கரைஞ்சு போயிடும் அண்ணி, வாங்க" என்றார்.