பிரெஞ்சுக்காரியை ஓட்டிப் பார்த்தவர்

ஆறு புள்ளி ஆறு விநாடி. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட அந்தச் சின்ன பிரெஞ்சுக் காருக்கு ஆகும் நேரம் அது. அதே அளவிலான ஜெர்மன் காருக்கு ஆறு புள்ளி ஏழு. நடுவில் இருக்கும் அந்தப் பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் கண்ணாடிக்காரர் மூன்று வருஷம் குடியிருந்தார்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர் என்பதால் அந்தப் பெயர். வயது ஐம்பத்திரண்டு. இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் வேலை. எழுத்து வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, பார்வை நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்பவர்கள் அவரிடம் ஒரு நிமிஷம் தாங்கமாட்டார்கள். வரிசையைக் கடைசியிலிருந்து படிக்கச் சொல்வார். அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டுவிடும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஆள் வேறு. கார்ப் பைத்தியங்கள் கூடிப் பேசும் ஒரு போன் குழுவில் அவர்தான் நீதிபதி. அங்கே கார்களுக்குக் கம்பெனிப் பெயர் கிடையாது. ஒன்று பிரெஞ்சுக்காரி, இன்னொன்று ஜெர்மன்காரன். இரண்டு கட்சியும் பங்காளிச் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு கண்ணாடிக்காரர் வருவார். "ஜெர்மன்காரன் ஆபீசர். எவ்வளவு வேகமா ஓடினாலும் கழுத்து டை கலையாது. பிரெஞ்சுக்காரி செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு ஓடுறவ" என்று எழுதுவார். குழுவே கைதட்டும். தீர்ப்பு எப்போதும் பிரெஞ்சுக்காரி பக்கம்தான். டயரின் அகலம், கியர் விகிதம், வளைவில் எந்தச் சக்கரம் எவ்வளவு பிடிக்கும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார்: "ரெண்டையும் ஓட்டிப் பார்த்திருக்கீங்களா சார்?"

கண்ணாடிக்காரர் ஒரே வார்த்தை போட்டார்: "பின்னே?"

ஓட்டியதில்லை. உட்கார்ந்து பார்த்ததுகூட இல்லை. ஒரே ஒரு முறை ஷோரூம் வாசல்வரை போயிருக்கிறார். விற்பனையாள் சிரித்துக்கொண்டே எதிரில் வந்து, "எப்ப எடுக்கிறதா இருக்கீங்க சார்?" என்று கேட்டதும் வேர்த்துவிட்டது. வாங்குகிற எண்ணமே இல்லாமல் வண்டியை ஓட்டக் கேட்பது அடுத்தவன் பிழைப்பில் விளையாடுவது மாதிரி பட்டது அவருக்கு. விளம்பரத் தாளை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். விற்பனையாளின் அரைமணி நேரத்தை வீணாக்கக் கூச்சப்பட்ட மனிதர், "பின்னே?" என்று எழுதும்போது கூச்சப்படவில்லை. அது எப்படி என்று பின்னால் அவரே நிறைய யோசித்திருக்கிறார்.

அந்த ஒரு வார்த்தை குட்டி போட்டது. "மழை நாளில் ஓட்டும்போது பின்பக்கம் லேசா உதறும், பயப்படாதீங்க" என்று எழுதினார். எங்கோ படித்ததுதான். அவர் பேச்சை நம்பி ஒன்பது பேர் பிரெஞ்சுக்காரியை வாங்கினார்கள். முதலில் வாங்கியவர் பூனை. சத்தமே இல்லாமல் வந்து நிற்பதால் அந்தப் பெயர். தொழில், தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பது. குழாய்களையும் கருவிப் பெட்டியையும் அந்தச் சின்னக் காருக்குள் எப்படித் திணிக்கிறார் என்பது குழுவில் நிரந்தர வேடிக்கை.

கண்ணாடிக்காரரின் சொந்த வண்டி கிளட்சே இல்லாத பழைய ஆட்டோமேட்டிக். கிளட்ச் மிதித்துப் பல வருஷமாகிறது.

மகள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சேர்த்த பணத்தில் முதல் கார் வாங்கப்போகிறாள். ஒரு வியாழக்கிழமை சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறையில் நின்று சொன்னாள்.

"அப்பா, ரெண்டும் ஒரே இடத்துல வந்திருக்கு. பழைய கார் விக்கிற யார்டு. சனிக்கிழமை போறோம். நீங்க ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு, இன்னும் பிரெஞ்சுக்காரிதான்னு சொன்னீங்கன்னா அன்னைக்கே முடிச்சிடுவேன்."

"நீயே ஓட்டிப் பாரேன்மா. நீதானே ஓட்டப்போற."

"நான் ஓட்டுறது வேன்ப்பா. எனக்கு எல்லாமே ஸ்பீடாதான் தெரியும். நீங்கதான் வித்தியாசம் தெரிஞ்சவரு."

அவள் குளிக்கப் போனதும் மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "படிப்பு, வேலை, கல்யாணம், எதுலயாவது உங்க பேச்சைக் கேட்டிருக்காளா? இது ஒண்ணுலதான் கேக்குறா. போய் ஜம்முனு ஓட்டிக் காட்டுங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். "உப்பு கம்மியா இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பரிசோதனை மேசைக்கடியில் இடது காலை மெதுவாக அழுத்தி, மெதுவாக விட்டுப் பழகினார். எதிரில் உட்கார்ந்திருந்தவர் தன்னைத்தான் உதைக்கிறார் என்று நினைத்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஓடும்போது எப்படி இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். கிளட்சை மட்டும் சமாளித்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டார்.

சனிக்கிழமை யார்டுக்குப் போனால் அங்கே பூனை நிற்கிறார். அப்பாவின் போனிலிருந்து நம்பரை எடுத்து மகள்தான் வரச் சொல்லியிருந்தாள்.

"தலைவர் ஓட்டுறதைப் பாக்காம விடுவேனா? மூணு வருஷமா எழுத்துலதான் பாத்திருக்கேன்" என்றார் பூனை. கிண்டல் இல்லை. நிஜமாகவே ஆசையாக வந்திருந்தார்.

சிவப்பு பிரெஞ்சுக்காரி மூக்கைச் சுவர்ப் பக்கம் வைத்து நின்றது. அதாவது, பின்னால் எடுத்தால்தான் வெளியே வர முடியும். சாவியைக் கொடுத்த விற்பனை அம்மா தள்ளி நின்றுகொண்டாள். மகள் பக்கத்து சீட்டில் ஏறிப் பெல்ட்டை மாட்டினாள்.

ரிவர்ஸ் எடுக்க, முன்பு ஓட்டிய வண்டியில் பழகியபடி கியர்க் குமிழைக் கீழே அமுக்கி, இடது பக்கம் தள்ளி, முன்னால் போட்டார். கிளட்சை விட்டார். கார் முன்னால் ஒரு குதி குதித்து அணைந்தது.

"கிளட்ச் கொஞ்சம் மேல பிடிக்குது" என்றார்.

"ம்" என்றாள் மகள்.

மறுபடியும் அமுக்கி, தள்ளி, போட்டார். இந்தத் தடவை பம்பர் சுவரைத் தொட்டது. பெரிய இடி இல்லை. வாளியைத் தரையில் வைக்கிற அளவுக்குத்தான் சத்தம். ஆனால் யார்டில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. அடுத்த வரிசையில் வண்டி பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் குழந்தையோடு நின்று பார்த்தது. கண்ணாடிக்காரருக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தது. மூன்றாவது தடவையும் கை அதையேதான் செய்யப் பார்த்தது, அதற்கு வேறு எதுவும் தெரியாது.

விற்பனை அம்மா வந்து ஜன்னலைத் தட்டினாள். "சார், அமுக்குறது அந்த ஜெர்மன் வண்டியில. இதுல குமிழுக்குக் கீழ ஒரு வளையம் இருக்கு பாருங்க. அதை விரலால மேல தூக்கணும். தூக்காம போட்டா ஃபர்ஸ்ட் கியர்தான் விழும்."

வளையம் இருந்தது. விரலுக்கு நேராக, பளபளவென்று. படித்த ஒரு கட்டுரையிலும் அது இல்லை. பார்த்த ஒரு வீடியோவிலும் இல்லை. அதிலெல்லாம் கார்கள் முன்னால் மட்டும்தான் ஓடின. ஆனால் அந்தக் காரை ஒரே ஒரு தடவை ஓட்டித் திரும்ப நிறுத்தியவனுக்குக்கூட அது தெரிந்திருக்கும்.

பூனை பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

மகள் ஜன்னல்வழியாகச் சாதாரணமாகச் சொன்னாள்: "அப்பா ஓட்டினது பழைய மாடல். அதுல அமுக்கித்தான் போடணும்."

பூனை வைத்திருப்பது பழைய மாடல். தினமும் நாலு வீட்டுச் சந்துக்குள் நுழைந்து, வளையத்தைத் தூக்கித் தூக்கிப் பின்னால் எடுத்து வருகிறவர்.

"ஆமாமா" என்றார் பூனை. "பழசுல அப்படித்தான்."

சொல்லிவிட்டுக் குனிந்து முன் பம்பரைப் பார்க்கப் போனார். ஒரு கீறலும் இல்லை என்று எழுந்தவர், கண்ணாடிக்காரரை மட்டும் பார்க்கவில்லை.

"நீ ஓட்டும்மா" என்று கண்ணாடிக்காரர் இறங்கினார். காரைச் சுற்றி அந்தப் பக்கம் போக எட்டு அடி வைத்திருந்தாலே அதிகம். ஒரு தெருவையே கடந்த மாதிரி இருந்தது.

மகள் வளையத்தைத் தூக்கி, ஒரே வீச்சில் வண்டியைத் திருப்பி வெளியே எடுத்தாள். இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு கேட்டாள்.

"எப்பயிருந்துப்பா?"

"எது?"

"ஓட்டாமலே ஓட்டுறது."

அவர் டேஷ்போர்டைப் பார்த்தார். "மூணு வருஷம்."

"ஜெர்மன்காரனும்?"

"அதுவும்தான்."

"வேலை செய்யுற இடத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். எங்கப்பா ரெண்டையும் ஓட்டிப் பார்த்தவரு, அவரு சொன்னா சரியா இருக்கும்னு."

அவள் திட்டியிருந்தால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். அவள் பக்கக் கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, ஒழுங்காக ஓட்டினாள்.

"பூனை அண்ணனும் உங்க பேச்சைக் கேட்டுத்தானே வாங்கினாரு?"

"அவருதான் முதல்ல."

"அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரியும்."

மேம்பாலம் தாண்டி மேடும் பள்ளமுமான சாலை வந்தது. மகள் வேகத்தைக் குறைக்கவில்லை. "சரி, இப்ப உட்கார்ந்திருக்கீங்கள்ல. சொல்லுங்க. எப்படி இருக்கு?"

சாலையின் ஒவ்வொரு கல்லும் பேசும் என்று குழுவில் எழுதியிருந்தது நாக்கு நுனிவரை வந்தது. எழுதும்போது அதைப் பாராட்டாகத்தான் எழுதியிருந்தார். அதை விழுங்கிக்கொண்டார்.

"இடுப்பு வலிக்குது" என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

யார்டுக்குத் திரும்பியபோது பூனை போய்விட்டிருந்தார். மகள் ஜெர்மன்காரனைத் தனியாக ஓட்டிப் பார்த்தாள். அவர் அலுவலக அறையில் காகிதக் கோப்பையில் தண்ணீர் குடித்தபடி உட்கார்ந்திருந்தார். விற்பனை அம்மா, "பரவாயில்ல சார், நிறைய பேருக்கு முதல் தடவை அப்படித்தான்" என்று ஆறுதல் சொன்னாள். முதல் தடவை என்று சரியாகத்தான் சொன்னாள்.

குழுவில் பூனை எதுவும் எழுதவில்லை. அந்த வாரம் யாரோ புதியவர், இரண்டில் எது நல்லது என்று கேட்டார். எல்லோரும் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் விரலை வைத்தார், எடுத்தார். கடைசியில் பூனைதான், "ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க" என்று எழுதினார்.

செவ்வாய்க்கிழமை மகள் ஜெர்மன்காரனுக்கு முன்பணம் கட்டினாள். கூடத் தன் அம்மாவை அழைத்துப் போனாள்.