மேசன் மூலை

வெறுங்கையோடு தொடங்கின மேசன் நான், கல்லும் சாந்தும்தான் என் தொழில். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் காதைத் திருகி வெளியே விட்டார். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்தது அதற்குச் சுவர் கட்டத்தான். எங்கள் ஊரின் கிணறுகளில் பாதி, நான் பாறைக்கு வெடி வைத்து இறக்கியவை. கோயில் தேர்முட்டி நான் கட்டியது. சந்தையில் மீன் பரப்பும் மேடை நான் கட்டியது. யாரிடமும் போய் நிற்காமல் சீமெந்துக் கல் அரியும் பட்டறை ஒன்று போட்டேன். தங்கச்சிக்குக் காணியோடு சீதனம் கொடுத்துக் கலியாணம் செய்து வைத்தேன். மகளை உடுவிலுக்குப் படிக்க அனுப்பினேன். இவற்றையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளாது. எங்கள் ஒழுங்கைக்குள், இந்தக் குறுகல் தெருவுக்குள், பஸ் வந்ததும் என்னால்தான். இதை இப்போது எழுதாவிட்டால், வருகிற கிழமை பஸ் தரிப்பில் மாட்டப் போகிற பலகையில் வேறொருவருடைய பேர் ஏறிவிடும்.

அப்போது தனியார் பஸ்கள் அரசாங்கத்தின் கைக்குப் போய்ச் சில காலம்தான் ஆகியிருந்தது. பட்டணத்திலிருந்து வருகிற பஸ் பண்டத்தரிப்போடு திரும்பிவிடும். அங்கிருந்து கடற்கரை வரைக்கும் இருக்கிற எங்களுக்குக் கால் உண்டு, சைக்கிள் உண்டு, பஸ் இல்லை. விடியக் கரையிலிருந்து மீன்காரப் பெண்கள் பனையோலைக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் ஒழுங்கையால் சந்தைக்கு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். வெயில் ஏறிவிட்டால் மீனின் கண் வெளுத்துவிடும். பிறகு விலை கேட்க ஆள் இராது.

அவர்களுக்கு முன்னால் போகிறவள் ஒருத்தி. வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், வாய்க்காரி. புருஷன் நோயாளியாகிக் கடலுக்குப் போகாமல் விட்டதிலிருந்து அவளுடைய கடகத்தில்தான் வீடு ஓடியது. ஒருநாள் என் பட்டறை வாசலில் கடகத்தை இறக்கிவிட்டு, சும்மாட்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தாள்.

"அண்ணை, உந்தப் பஸ் பண்டத்தரிப்பிலை என்னத்தைக் கண்டு பயந்து திரும்பிப் போகுது? எங்கடை கரைக்கு வந்தால் அதின்ரை சில்லு கரைஞ்சு போமோ?"

"கேக்க ஆளில்லை, தங்கச்சி."

"நீங்கள் கேளுங்கோவன். உங்கடை சத்தம் சுவருக்கும் கேக்கும்."

அன்றைக்குத் தொடங்கியது. பஸ் கேட்டு ஒரு மனு எழுதுவித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். தெரிந்தவர்கள் கையெழுத்து வைத்தார்கள், தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். நானும் கையெழுத்துத்தான் வைத்தேன், கொஞ்சம் பெரிதாக. பஸ் கந்தோருக்குப் போய்ப் போய் அங்கே நிற்கிற காவல்காரர் எனக்குக் கதிரை இழுத்துப் போடுகிற அளவுக்கு ஆகிவிட்டது. கிராமச்சங்கத் தலைவர் கூட்டம் கூட்டினார். படித்த மனிதர், நல்லாகக் கதைப்பார். பிள்ளைகள் படிக்கப் போகவும் உத்தியோகத்தர் கந்தோருக்குப் போகவும் பஸ் வேண்டும் என்று கதைத்துவிட்டு, கடைசியில் ஒரு வார்த்தை போட்டார்.

"மீன் கடகம் மாத்திரம் பஸ்ஸிலை ஏறக்கூடாது. வெள்ளைச் சட்டைக்காரர் இருக்கிற இடம்."

நான் எழும்பினேன். "தலைவர், மத்தியானம் உங்கடை வீட்டிலை மீன் நடந்துதான் வரவேணுமோ? கடகம் ஏறாத பஸ்ஸுக்கு நான் ஒரு அடி மண் விடமாட்டன்."

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரிக்க வேண்டி வந்தது. அந்த மண் பேச்சு எதற்கு என்றால், பஸ் வந்து திரும்ப வேண்டிய வளைவில் ஒரு பக்கம் என் காணி, மற்றப் பக்கம் என் தங்கச்சியின் காணி. தங்கச்சியின் புருஷன் தபாற்கந்தோரில் போஸ்மாஸ்டராக இருந்து இளைப்பாறியவர். என் மச்சான். இங்கிலீசும் தமிழும் தெரியும், எனக்கு முன்னால் இங்கிலீசு மட்டும் கதைப்பார்.

எங்கள் பக்கத்து வேலிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலி என்பது பூவரசங் கதியால்களை, நட்டால் துளிர்க்கிற தடிகளை, வரிசையாக நட்டுப் பின்னிய தென்னோலைக் கிடுகால் அடைப்பது. கிடுகு உக்குவதால் வருடா வருடம் புதிதாக அடைக்க வேண்டும். பட்டுப்போன கதியாலுக்குப் பதில் புதுக் கதியால் நடும்போது, அது பழைய குழிக்குள் போகாது, ஒரு விரற்கடை வெளியேதான் போகும். இது எல்லா வீட்டுக்கும் பொது. அப்படியே காலம் போக ஒழுங்கை மெலியும், வீட்டு வளவு கொழுக்கும். எங்கள் வளைவிலும் அதுதான் நடந்தது. ஒழுங்கையைத் தின்றது நான்தான் என்று மச்சான் கோட்டுக்குப் போனார். நான் சீதனமாகக் கொடுத்த காணியில் நின்றுகொண்டு எனக்கே வழக்கு! நானும் விடவில்லை, தின்றது அவர்தான் என்று எதிர்வழக்குப் போட்டேன். வழக்குப் பேசின வக்கீல்கள், இரண்டு பிரக்கிராசிமாரும், எங்கள் வேலியால் நல்லாக இருந்தார்கள்.

இந்த நிலையில் ஒருநாள் காலை பஸ் கந்தோரிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர், ஒழுங்கைக்குள் பஸ் ஓடுமோ என்று பார்க்க வெறும் பஸ்ஸைக் கொண்டு வந்தார். சனம் இரண்டு பக்கமும் நின்றது. நான் முன்னால் ஏறி றைவருக்கு வழி சொன்னேன். வளைவில் மூக்குத் திரும்பிவிட்டது, வால் திரும்பவில்லை. பின்பக்கம் மச்சானின் வேலியில் உரசி, கிடுகை அப்படியே உரித்துக்கொண்டு வந்தது. உள்ளே கிணற்றடியில் மச்சான், தலையில் சவர்க்கார நுரையோடு, ஈரத்துண்டோடு நிற்கிறார். அவருக்கு முன்னால் ஒரு முழுப் பஸ்.

"குட் மோர்னிங்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மச்சான் ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை என்னை நோக்கி நீட்டினார். "உவன்ரை வேலை! என்ரை மானத்தைப் பஸ்ஸிலை ஏத்திப்போட்டான்!" அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் எனக்குத் தமிழில் ஏசியது.

இன்ஸ்பெக்டர் இறங்கிப் பார்த்தார். வளைவை இரண்டு பக்கமும் அகட்டிக் கல்லும் போட்டுத் தந்தால் பஸ் வரும், மாரி தொடங்கிவிட்டால் இந்த வருடத்துக்கு இல்லை, வேறு ஊர்கள் கேட்டுக்கொண்டு நிற்கின்றன என்றார். கடகத்தைப் பற்றியும் நான் அந்த இடத்திலேயே கதைத்தேன். மூடியோடு வந்தால், கீழே சாக்கு விரித்தால், கடகத்துக்கும் ரிக்கற் எடுத்தால், காலைப் பஸ்ஸின் பின்பக்கத்தில் ஏற்றலாம் என்று ஒத்துக்கொண்டார். இதற்குச் சாட்சி றைவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்க என் வேலியைப் பிடுங்கினேன். கேட்டதற்கு மேலே ஒரு அடி கூட விட்டுத்தான் புதுக் கதியால் நட்டேன். மச்சான் என்ன செய்தார்? கிழிந்த இடத்தை இரட்டைக் கிடுகால் அடைத்துவிட்டு, வாசல் படலையில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"பாத்தியளோ? தின்றதைக் கக்குறான். நான் தின்னேல்லை, நான் ஏன் கக்க?"

தலைவர் போய்க் கதைத்தார். மச்சான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். ஊருக்கு அரசாங்க அதிகாரியான விதானையார் போனார். அவருக்கும் தேத்தண்ணி. கிழக்கே வானம் கறுக்கத் தொடங்கியது. பஸ் வராமல் போகப் போகிறது என்று எனக்கே ஒரு கலக்கம் வந்துவிட்டது.

அப்போதுதான் மீன்காரி தன் ஆட்களோடு ஒரு முடிவு எடுத்தாள். மச்சான் மீன் இல்லாமல் சோற்றைத் தொடாத மனிதர். கடகம் வரும்போது முதல் தெரிவு அவருடையது, விளைமீனோ ஓராவோ செவிளைத் தூக்கிப் பார்த்துத்தான் எடுப்பார். இனி அந்தப் படலையில் யாரும் கடகம் இறக்குவதில்லை என்று பெண்கள் தீர்மானித்தார்கள். எனக்குச் சொல்லவில்லை. நாலு நாள் போனது. அவள் வாடிய முகத்தோடு பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணை, உங்கடை மச்சான் கல்லுத்தான். இத்தனை நாளாய் மீன் குடுக்கேல்லை, அந்தாள் ஏனெண்டும் கேக்கேல்லை. திருநீறு பூசிக்கொண்டு என்னைப் பாத்துச் சிரிக்குது."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கடகத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"எடி விசரி, இது கந்தசஷ்டியடி! அந்தாள் விரதம். நீ காசில்லாமல் கொண்டுபோய்க் குடுத்தாலும் தொடாது."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மாதாவே! உங்கடை விரதம் ஆருக்குத் தெரியும்? நாங்கள் எங்கடை தவக்காலத்தை மட்டும்தானே பாக்கிறனாங்கள். அப்ப விட்டிடுவமோ?"

"விடாதை. இனித்தான் பிடிக்க வேணும். சூரன்போர் முடிஞ்சு பாறணையும் முடியட்டும். விரதம் முடிச்ச வாய் மீனைத் தேடும் பார், அப்ப தெரியும்."

இந்த யோசனை என்னுடையது. இதை எழுதி வைக்கிறேன்.

பாறணைக்கு அடுத்த நாள் காலை மச்சான் வெள்ளனவே படலையில் வந்து நின்றார். கடகங்கள் வரிசையாக வந்தன, வரிசையாகப் போயின.

"இஞ்சை, பிள்ளை! ஓரா இருக்கோ?"

"இருக்கு ஐயா. நல்ல துடிக்கிற ஓரா."

"இறக்கன்."

"உங்கடை மூலையிலை பஸ்ஸே திரும்ப ஏலாதாம் ஐயா. என்ரை கடகம் எப்பிடித் திரும்பும்?"

சந்தைக்கு ஆள் அனுப்பினார். அங்கேயும் அவளுடைய ஆட்கள்தானே, நான் கட்டிய மேடையில். அனுப்பின ஆள் கத்தரிக்காயோடு திரும்பி வந்தான். இரண்டு நாள் கத்தரிக்காய், பிறகு முருங்கைக்காய், பிறகு மறுபடியும் கத்தரிக்காய். நான் என் வீட்டில் ஒழுங்கைப் பக்கம் அடுப்பு வைத்து விளைமீன் பொரிக்கச் சொன்னேன். காற்று நல்ல காற்று, நேரே அங்கேதான் போனது.

கடைசியில் என் தங்கச்சியின் குரல் ஒழுங்கைக்குக் கேட்டது. "இஞ்சாருங்கோ, கதியாலைப் பிடுங்குறியளோ, இல்லாட்டில் அதையே நறுக்கித் தாங்கோ, கறி வைக்கிறன்."

பின்னேரம் மச்சான் ஒழுங்கையின் நடுவுக்கு வந்தார். நானும் போனேன். நெடுநாளைக்குப் பிறகு நேருக்கு நேர் நின்றோம்.

"வேலி விட்டால் கிணத்தடி ஒழுங்கைக்கு வந்திடும். திரும்பவும் நான் பஸ்ஸுக்குக் காட்சி குடுக்க ஏலாது."

"சுவர் கட்டித் தாறன். என்ரை கல்லு, என்ரை கை."

"எவ்வளவு உயரம்?"

"பஸ்ஸின்ரை மேல்தட்டிலை ஏறி நிண்டு பாத்தாலும் உன்ரை மொட்டை தெரியாது, மச்சான்."

சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆனால் ஒரு கதியாலையும் நான் தொடக்கூடாது, முதல் கதியாலைத் தானே பிடுங்குவார் என்றார். பிடுங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊரே பார்க்க. அடுத்த நாள் விடிய அவருடைய படலையில் கடகம் இறங்கியது. அதற்கு அடுத்த நாள் தொடங்கி என் ஆட்களோடு சுவர் எழுப்பினேன், வளைவுக்குக் கல் பரப்பினேன். கடைசி வண்டிக் கல் கொட்டி முடிய மழை பிடித்தது. வழக்கும் அதோடு போனது. இரண்டு பேரும் விட்டுவிட்ட மண்ணுக்கு எதை வைத்து வழக்காடுவது? பிரக்கிராசிமார் இரண்டு பேரும்தான் முகம் வாடினார்கள்.

முதல் பஸ் வந்த காலை தலைவர் அதன் மூக்குக்கு மாலை போட்டார். மீன்காரி கால் நீட்டி இருந்து போனாள், வாழ்க்கையில் முதல் தடவையாக வியர்க்காமல் சந்தைக்குப் போனேன் என்று பிறகு சொன்னாள். ஆனால் அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு அநியாயம் நடந்தது. வளைவில் பஸ்ஸை நிறுத்தி, "இந்தத் தரிப்புக்கு என்ன பேர்?" என்று கொண்டக்டர் கேட்டார். நான் பின்பக்கத்தில் சாக்கு விரித்துக் கடகம் ஏற்றிக்கொண்டு நின்றேன். மச்சான் வெள்ளை வேட்டி சால்வையோடு புதுச் சுவரடியில் நின்றார். யாரோ ஒரு குரல் சொன்னது: "போஸ்மாஸ்டர் மூலை எண்டு சொல்லுங்கோ. அவர் வேலி விட்டபடியால்தானே பஸ் வந்தது."

அன்று தொடங்கி இன்று வரைக்கும் அந்தப் பேர்தான். பஸ் மாறிவிட்டது, கொண்டக்டர்மார் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள், "போஸ்மாஸ்டர் மூலை இறங்கு" மட்டும் மாறவில்லை. என் மகள் அந்தப் பஸ்ஸில் ஏறித்தான் பண்டத்தரிப்புக்குப் போய், பஸ் மாறி உடுவிலுக்குப் படிக்கப் போனாள். இன்றைக்கு அவளே ரீச்சர். கரைப்பிள்ளைகளும் அதில்தான் படிக்கப் போகிறார்கள். எனக்கு மனம் நிறைவுதான், குறை சொல்ல வரவில்லை. பின்னேரங்களில் நானும் மச்சானும் நான் கட்டிய பஸ் தரிப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, இறங்குகிற சனத்தைப் பார்ப்போம். நான் என் கணக்கைச் சொன்னால் அவர் சிரிப்பார்.

"நீ முதலே குடுத்திட்டாய், மச்சான். கலியாண வீட்டுக்கு முதல் வாறவனை ஆர் பாக்கிறது? கடைசியா வாறவனைத்தான் எல்லாரும் திரும்பிப் பாக்கிறது."

மீன்காரிக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, வாய் நரைக்கவில்லை. "ரெண்டு பேரின்ரை பேரையும் எழுதினால் பஸ் நிக்க இடமிருக்காது. என்ரை மீனின்ரை பேரை எழுதுங்கோ, ஓரா மூலை!" என்கிறாள்.

அது பகிடி. நான் சொல்வது பகிடி இல்லை. ஊர்ச் சங்கத்துப் பெடியள் பலகைக்கு மை வாங்கிவிட்டார்களாம், எழுதுகிறவரையும் பிடித்துவிட்டார்களாம். அவர்களுக்குச் சொல்கிறேன். கந்தோர் வாசல் தேய நடந்தவன் நான். கடகத்துக்கு இடம் கேட்டு வாங்கியவன் நான். முதல் வேலி பிடுங்கியவன் நான். நீங்கள் பலகை அறையப் போகிற தரிப்பின் ஒவ்வொரு கல்லும் என் பட்டறையில் அரிந்தது. ஆகவே மேலே, பெரிய எழுத்தில், "மேசன் மூலை" என்று எழுதுங்கள். போஸ்மாஸ்டர் வேண்டுமானால் கீழே சின்ன எழுத்தில் இருக்கட்டும், அந்த அளவு இடம் மச்சானுக்கு விடுகிறேன். கொண்டக்டர்மாருக்கும் சொல்லி வையுங்கள், சத்தமாகச் சொல்ல வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கம் கிணற்றடி வரைக்கும் கேட்க வேண்டும்.